சம்பளப் பட்டியலில் நின்ற சேனை

1415 அக்டோபர் 25 அன்று வட பிரான்சின் அஜின்கோர்ட் களத்தில் ஆங்கில மன்னர் ஐந்தாம் ஹென்றியை எதிர்த்து நின்ற சேனை 60,000 என்று, அவர் படையோடு சென்ற பாதிரியார் ஒருவர் எழுதிவைத்தார். கண்ணால் கண்டவர்தாம், ஆயினும் அச்சம் எதையும் பெருக்கியே காட்டும். தம் தரப்பினரை அவர் ஏறத்தாழ 6,000 எனச் சுருக்கியதும் அதனாலேயே போலும்.

உண்மையை நெருங்க வேறொரு வழி உண்டு. நிலமானியக் காலமே எனினும் ஹென்றியின் படை கூலிக்குத் திரண்டது. இத்தனை கவசவீரர், இத்தனை வில்லாளர் கொணர்வேன் என்று ஒவ்வொரு பிரபுவும் அரசரோடு உடன்படிக்கை எழுதினார். வில்லாளனுக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், கவசவீரனுக்கு 12. காசு எண்ணிக் கொடுக்கும் கணக்கனிடம் புலவனின் தாராளம் இராது. அவ்வேடுகளை ஆராய்ந்த ஆன் கரி என்னும் வரலாற்றாசிரியர் 2005இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலேயர் ஏறத்தாழ 9,000, பிரெஞ்சியர் 12,000 என்று கணித்தார். பிரெஞ்சுப் படை இன்னும் பெரிது என வாதிடும் அறிஞரும் உளர். 60,000 என்பாரைக் காண்பது அரிது.

புறப்பட்டபோது ஹென்றியிடம் இருந்தோர் சுமார் 12,000. அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகை 25 லட்சம் எனக் கொண்டால், இருநூறு பேருக்கு ஒருவர். வலிமைமிக்க மன்னர் ஒருவரின் பெருமுயற்சியே இவ்வளவுதான். கற்பனை நாட்டுக்குச் சேனை திரட்டும் கதாசிரியர்கள், இலட்சத்தை எழுதுமுன் அந்த இருநூறை எண்ணிப் பார்க்கலாம்.

அச்சேனையும் முழுமையாகக் களம் சேரவில்லை. ஹார்ஃப்ளர் முற்றுகையில் வயிற்றுக்கடுப்பு பலரைச் சாய்த்தது. 1,200 பேர் அந்நகர்க் காவலுக்கு நிறுத்தப்பட்டனர். எந்தப் பாடலிலும் இடம்பெறாத வில்லாளர் பலரின் பெயர்கள் அவ்வேடுகளில் வரிசையாக உள்ளன. நோயுற்று நாடு திரும்பியோர் பட்டியலும் தனியே உண்டு.