ஊவா எல்லையில் ஒரு நாய்த் தெரிவு

நாய் வளர்க்க விழைவோர் முதலில் அதன் குலத்தையே வினவுவர். அது வாழப்போகும் நிலத்தை வினவுவோர் சிலரே. அவ்வினாவின் அருமையை ஊவா எல்லைப்புறத்து வரலாறொன்று உணர்த்துகின்றது.

1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேற்றம் அமைத்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர். அவர் அங்கும், பதுளை மாவட்டத்தை அடுத்த ஹோட்டன் சமவெளியிலும் மரை வேட்டையாடினார். அதற்கென இங்கிலாந்திலிருந்து தூய குலத்து நரிவேட்டை நாய்களை வரவழைத்தார். சில திங்களுள் அவற்றுள் ஒன்றே எஞ்சியது. காரணம் யாது? மோப்பங் கண்டதும் உரத்துக் குரைத்துத் துரத்துவது அவற்றின் இயல்பு. திறந்த வெளியிற் சிறப்பாயிருந்த அக்குரல், அடர்காட்டில் மரைக்கு எச்சரிக்கையாயிற்று. மோப்பத்தைக் கைவிடாத பிடிவாதமோ, இரவில் அவற்றைத் தனிமைப்படுத்திச் சிறுத்தைக்கு இரையாக்கியது. பொயின்டர், பிளட்ஹவுண்ட், நரிவேட்டை நாய் ஆகியவற்றின் கலப்பினமே இம்மலைக்கு ஏற்றதெனப் பேக்கர் பின்னர் துணிந்து, தம் வேட்டை நூலிலும் எழுதினார்.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. மரைகள் இன்று அங்கே காக்கப்படுகின்றன. எனினும், மலைநாட்டுத் தோட்டத்து வீட்டிற்குக் குட்டி தெரிவோர்க்குப் பேக்கரின் இழப்பு இன்றும் பாடமாகும். எப்பணிக்கு, எந்நிலத்திற்கு என வினவிய பின்னரே குலத்தை வினவுதல் தகும்.