மல்லாத்திய ஆமையும் எரிந்த மறைநூலும்: டெரி பிராட்செட்டின் புனைவுலகில் சமயத் தீவிரம்

மேலைநாட்டு அங்கத இலக்கியம் சமயப் பற்றைச் சாடும்போது, மோலியேரின் தார்த்தூஃப் போல, பக்தி வேடமிட்டு ஏய்க்கும் போலியையே பெரும்பாலும் இலக்காகக் கொள்ளும். ஆங்கில நாவலாசிரியர் டெரி பிராட்செட் (1948–2015) வேடதாரியை விட்டுவிட்டு, தன் கடமையில் ஐயமே இல்லாத குருவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார். அவருடைய ‘ஸ்மால் காட்ஸ்’ (1992), ‘கார்ப்பே ஜுகுலம்’ (1998) ஆகிய இரு நாவல்களையும் இணைத்து நோக்கினால், அவரது அங்கதம் தீவிரத்தின் மிகுதியைக் கண்டிக்கவில்லை என்பதும், எதிரிலிருக்கும் உயிரைக் காண மறுக்கும் தீவிரத்தையே கண்டிக்கிறது என்பதும் புலப்படும்.

இவ்விரண்டும் 1983 முதல் 2015 வரை 41 நாவல்களாக வெளிவந்த ‘டிஸ்க்வேர்ல்டு’ வரிசையைச் சேர்ந்தவை. அதன் உலகம் தட்டையானது. நான்கு யானைகள் அதைத் தாங்க, அவற்றைப் பேராமை ஒன்று சுமந்து விண்வெளியில் நீந்துகிறது. ஓம் என்னும் பெயருடைய கடவுளை வணங்கும் ஓம்னியா நாட்டுத் திருச்சபையோ உலகம் உருண்டை என்று போதித்து, ஆமையைப் பற்றிப் பேசுவோரை வதைக்கிறது. பூமி நகர்கிறது என்றதற்காக 1633-இல் கலிலியோ தண்டிக்கப்பட்ட வரலாறு இங்கே தலைகீழாகிறது. கோட்பாடு எதுவாயினும், ஆய்வுக்கு அஞ்சும் அதிகாரத்தின் இயல்பு மாறுவதில்லை என்பதை இத்தலைகீழாக்கம் உணர்த்துகிறது.

அத்திருச்சபையின் சமய விசாரணை அமைப்புக்குத் தலைவன் வோர்பிஸ். அவன் சினத்தாலோ இன்பத்துக்காகவோ வதைப்பவன் அல்லன். செய்ய வேண்டிய வேலை என்பதால் அமைதியாகச் செய்பவன். ஒரு காட்சியில் அவன் தோட்டத்து ஆமை ஒன்றை மல்லாத்தி, அது புரண்டு எழாதபடி கற்களை அண்டக் கொடுத்துவிட்டு, அதன் தவிப்பைக் கவனிக்கிறான். அந்த ஆமையே அவன் வணங்கும் ஓம். கடவுளர் அடியாரின் நம்பிக்கையிலிருந்தே வலிமை பெறும் அவ்வுலகில், மெய்யாக நம்புபவனாகப் புரூத்தா என்னும் எளிய இளந்துறவி ஒருவன் மட்டுமே எஞ்சியதால், கடவுள் ஆமையளவுக்குச் சுருங்கிவிட்டார். மக்கள் நம்பியது திருச்சபையையும் அதன் தண்டனையையுமே. வோர்பிஸின் உள்ளத்திலோ அவனுடைய குரலின் எதிரொலியைத் தவிர வேறொன்றும் இல்லை.

‘கார்ப்பே ஜுகுலம்’ காட்டும் ஓட்ஸ் வோர்பிஸுக்கு நேர்மாறான குரு. கற்றதெல்லாம் ஐயமாக மாற, தன்னுள் இரு மனங்கள் ஓயாது வழக்காட, மலைநாடான லாங்கருக்கு அரச குழந்தையின் பெயர்சூட்டு விழாவை நடத்த வருகிறார். இரத்தக் காட்டேரிகளிடம் கடிபட்டுத் தளர்ந்த கிரானி வெதர்வேக்ஸ் என்னும் சூனியக்கார மூதாட்டியோடு மழையிரவில் மலைக்காட்டைக் கடக்கும்போது, ஈர விறகு பற்றாத நிலையில், தன் மறைநூலையே எரித்துத் தீ மூட்டுகிறார். சடங்கு நோக்கில் இது பெரும்பாவம். நாவலின் நோக்கில் அவருடைய குருத்துவம் அங்கேதான் தொடங்குகிறது.

ஐயமுள்ள குருவே நல்ல குரு என்று பிராட்செட் சொல்வதாக இதைச் சுருக்கிவிட இயலாது. வெதர்வேக்ஸ் ஓட்ஸின் சமயத்தில் காணும் குறை அதன் மிதத்தன்மையே; உண்மையாக நம்பினால் அந்நம்பிக்கை வாழ்வு முழுவதையும் பற்றி எரிய வேண்டும் என்பது அவர் வாதம். அதே உரையாடலில் மனிதரைப் பொருளாக நடத்துவதே பாவம் என்றும் அவர் வரையறுக்கிறார். தீவிரம் வேண்டும், ஆனால் அது பிறரை எரிக்கக் கூடாது என்னும் இவ்விரு நிபந்தனைகளில் இரண்டாவதை வோர்பிஸ் மீறுகிறான். முதலாவதை நோக்கி ஓட்ஸ் வளர்கிறார்.

மனிதரைப் பொருளாக நடத்தக் கூடாது என்னும் இவ்வளவுகோல், அம்மனிதன் வோர்பிஸாகவே இருந்தாலும் பொருந்துகிறது. கழுகு நழுவவிட்ட அதே ஆமை தலையில் விழுந்து அவன் இறப்பது, கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் சாவு பற்றிய பழங்கதையை நினைவூட்டும் அங்கத நீதி. ஆனால் நாவல் அத்துடன் முடிவதில்லை. நூறாண்டுக்குப் பின் இறக்கும் புரூத்தா, மறுமையின் பாலையில் தனிமைக்கு அஞ்சி ஓரடியும் நகராமல் கிடக்கும் வோர்பிஸைக் கண்டு, அவன் செய்ததெல்லாம் அறிந்தும், அவனையும் அழைத்துக்கொண்டு நடக்கிறான்.