புகையில் பிறந்த நீல டப்பா

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை மங்கலாகத் தெரிகிற நீல பிளாஸ்டிக் உடம்பு, ஒரு முனையில் பதினாறு பின்னுக்கான செருகி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஷெட்டுகளில் இதையும் ‘ஸ்கேனர்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கும் பெரிய ஸ்கேனருக்கும் அதே பேர்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் பக்கம் கையை விட்டுத் துழாவினால் சரிவகம் மாதிரி ஒரு சாக்கெட் தட்டுப்படும். அதில் இந்த டப்பாவைச் செருகி, சாவியைத் திருப்பி, போனில் புளூடூத்தைப் போட்டால் எஞ்சினின் கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும்.

டப்பாவிடமே “நீ யார்?” என்று கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. பல நீல டப்பாக்கள் “எல்ம் 327, பதிப்பு 1.5” என்று பதில் சொல்லும். இதன் மூலச் சிப்பைச் செய்த எல்ம் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தப் பொருள் தன் பிறப்பைப் பற்றிச் சொல்வதே பொய். உண்மைக் கதை இன்னும் சுவாரசியமானது.

அது தொடங்குவது 1943 ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸில். ஒரு நாள் நகரம் முழுக்கக் கண் எரிச்சல், தொண்டைக் கமறல். நாலு தெரு தள்ளி இருப்பது தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடப் பயந்தார்கள். பழி முதலில் தொழிற்சாலைகள் மேல் விழுந்தது. ஆலைகளைக் கட்டுப்படுத்தியும் புகை போகவில்லை. அப்போது கால்டெக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் அன்னாசிப் பழத்தின் மணம் எந்தெந்தப் பொருள்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழ வாசனையைப் பிரிக்கும் அதே உத்தியை ஊர்க் காற்றின்மேல் திருப்பினார். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று கண்டார். குற்றவாளி வீட்டு வாசலில் நின்ற கார்தான். கார் கம்பெனிகள் இதை உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1967-இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தது. அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். சினிமா நடிகராக இருந்து, நம்மூர்க் கணக்கில் சொன்னால் முதலமைச்சர் ஆனவர். அன்னாசி ஆராய்ச்சிக்காரர் வாரியத்தின் முதல் தலைவர் ஆனார். புகைக்கு வரம்பு கட்டினார்கள்; வரம்புக்குள் ஓட எஞ்சினுக்கு சென்சார்கள் வந்தன, அவற்றைக் கட்டி மேய்க்கக் கம்ப்யூட்டர் வந்தது. அங்கேதான் அடுத்த சிக்கல். ஷோரூமிலிருந்து சுத்தமாக வெளிவரும் கார் இரண்டு வருடத்தில் ஒரு சென்சார் பழுதாகிப் புகை கக்கினால் யாருக்குத் தெரியும்? ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் காரே தன்னைக் கவனித்துக்கொண்டு, தவறு நேர்ந்தால் விளக்கு எரியவிட வேண்டும் என்று 1988 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியா கட்டாயமாக்கியது. டாஷ்போர்டில் மஞ்சளாக எரிந்து நம்மைக் கலங்கடிக்கும் ‘செக் எஞ்சின்’ விளக்கு இப்படி விதியாயிற்று.

அந்த முதல் தலைமுறையில் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், கம்பெனிக்கு ஒரு மொழி. விளக்கின் மினுக்கலை எண்ணித்தான் பல கார்களில் ‘கோடு’, அதாவது கோளாறைச் சொல்லும் எண்ணை, படிக்க வேண்டும். நம் ஊரில் பழைய மாருதி எம்பிஎஃப்ஐ வண்டிகளில் கைவைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டயக்னஸ்டிக் கப்ளரில் இரண்டு முனையை ஒரு ஒயர் துண்டால் இணைத்துவிட்டு, விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மினுக்கு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு மினுக்கு: 12. சுசுகியில் அப்படி வந்தால் கோளாறு எதுவும் இல்லை என்று அர்த்தம்.

மொழியை ஒன்றாக்கியது சட்டம்தான். 1990-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சொன்னது: எல்லாக் காரிலும் ஒரே மாதிரி இணைப்பு இருக்க வேண்டும், அதைத் திறக்க ரகசிய எண்ணோ, கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் கருவியோ தேவைப்படக் கூடாது. வாகனப் பொறியாளர் சங்கம் பதினாறு பின் சாக்கெட்டின் வடிவத்தையும் கோடுகளின் பட்டியலையும் வகுத்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் காருக்கும் அது கட்டாயம். ஐரோப்பா 2001-இல் பெட்ரோல் கார்களுக்கும், பிறகு டீசலுக்கும் கொண்டுவந்தது. எந்தக் கார் கம்பெனியும் தெரு மெக்கானிக்கின்மேல் பிரியப்பட்டு இந்தச் சாக்கெட்டைக் கொடுக்கவில்லை. புகைக்குப் பயந்த அரசாங்கம் கொடுக்கவைத்தது. என்னைக் கேட்டால், நுகர்வோருக்காக எழுதிய எத்தனையோ சட்டங்களைவிட, காற்றுக்காக எழுதிய இந்தச் சட்டம் நுகர்வோருக்கு அதிகம் செய்திருக்கிறது.

சாக்கெட் பொதுவானாலும் அதற்குள் ஓடும் சமிக்ஞைகள் பல ரகம். எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்து, சாதாரண எழுத்துகளாக மாற்றித் தர ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2005-இல் அதை ஒற்றைச் சிப்பில் அடக்கியது. கடையில் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலர்தான். அதற்குள் எழுதியிருந்த நிரல்தான் சரக்கு. அந்த முதல் பதிப்பில் நிரலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். யாரோ படித்தார்கள். சீனத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் நகல் எடுத்தன, பழைய 1.0-க்குப் புதிய எண் சூட்டி 1.5 என்று விற்றன. நகல்களில் சில கட்டளைகள் வேலை செய்யாது, சில சொதப்பும். ஆனாலும் கோடு படிக்கும், அழிக்கும். அது போதும் என்று உலகம் முடிவு செய்துவிட்டது. நிரல் எழுதியவருக்கு நேர்ந்தது அநியாயம்தான். அந்த அநியாயம் இல்லையென்றால் இந்த டப்பா ராஜபாளையத்துக்கு வந்திருக்காது என்பதும் நிஜம். எல்ம் நிறுவனம் 2022-இல் கடையை மூடியது. நகல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தியாவில் பிஎஸ்-4 புகை விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் முழு அளவிலும் ஓபிடி எனப்படும் இந்தத் தற்சோதனை முறை வந்தது. ஆனால் சாக்கெட் இருந்தால் மட்டும் போதாதே. பொதுக் கோடுகள் புகை சம்பந்தப்பட்டவை மட்டும். ஏர்பேக், ஏபிஎஸ் போன்றவற்றைப் படிக்க அப்போது பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஸ்கேனர் வேண்டியிருந்தது, அதை வெளியாருக்குக் கொடுக்க மாட்டார்கள். 2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் நிறுவனங்கள்மேல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார்: உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் வெளிக்கடை மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை என்று. விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. கருவிகளையும் பழுதுபார்ப்புக் கையேடுகளையும் வெளியாருக்கும் கொடுக்கச் சொன்னது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அந்தப் பக்கம் வழக்கு நடக்க, இந்தப் பக்கம் ஷெட்டுகள் நீல டப்பாவை வாங்கிக்கொண்டன.

அது வேலை செய்வதைப் பார்க்க அய்யனார் கோவில் சாலை நல்ல இடம். ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு ரோடு மாந்தோப்புகளுக்கு நடுவே மலையடிவாரத்தில் உள்ள அந்தக் கோவிலுக்குப் போகிறது. அங்கே உள்ள அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் மதுரை, சிவகாசியிலிருந்தெல்லாம் கார்கள் வந்து மர நிழலில் நாள் முழுக்க நிற்கும். நிழலில் நிற்கும் காருக்கு அணிலும் எலியும் விருந்தாளி.

அப்படி ஒரு பிஎஸ்-4 பெட்ரோல் கார் விளக்கு எரிய ஊருக்குள் ஒரு ஷெட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கார்காரர் ஏற்கெனவே வேறு ஓர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தார். “ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சு, மாத்தணும்னுட்டாங்கண்ணே. வெலையக் கேட்டா தல சுத்துது” என்றார். மெக்கானிக் டப்பாவைச் செருகினார். பி 0135. பிரித்துப் படித்தால், ‘பி’ எஞ்சின், கியர் பகுதி; அடுத்த 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு; 1, எரிபொருளும் காற்றும்; மிச்சம் இரண்டு எண், முதல் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். சென்சார் சூடேறினால்தான் சரியாக வேலை செய்யும். அதனால் அதற்குள் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது.

“இது சென்சார் போச்சுன்னு சொல்லலண்ணே, அதுக்குப் போற லைன்ல கொறன்னுதான் சொல்லுது” என்றார் அவர். கோட்டை அழிக்கவில்லை, முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டார். அழித்தால், கோளாறு வந்த நொடியில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த வேகம், சூடு, லோடு எல்லாம் சேர்ந்து போய்விடும். பியூஸைப் பிடுங்கிப் பார்த்தார்: சரியாக இருந்தது. பானெட்டைத் திறந்து, சென்சாரின் கப்ளரைக் கழற்றி, டெஸ்ட் லாம்ப்பை வைத்தார்: எரியவில்லை. கரண்டே வரவில்லை என்றால் சென்சார் என்ன செய்யும்? ஒயரிங்கை விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனார். பேட்டரித் தட்டுக்குக் கீழே கை நின்றது. டார்ச்சை அடித்தால், உதிர்ந்த இலையும் கொட்டை ஓடுமாக ஒரு குவியல். பக்கத்தில் செம்புக் கம்பி பளபளக்க ஓர் ஒயர் அறுந்து தொங்கியது. எலிப் பல்.

ராஜபாளையம் நாய் தோப்பில் குரைத்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். வந்தது திருடனா மாடா என்பதை லைட்டை எடுத்துக்கொண்டு நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். கோடு சொல்வதும் அவ்வளவே. பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. காரணம் ஒரு கிழிந்த வேக்குவம் டியூப்பாக இருக்கலாம், அடைத்த இன்ஜெக்டராக இருக்கலாம், பலமில்லாத பெட்ரோல் பம்ப்பாகவும் இருக்கலாம். பி 0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. அனுபவசாலி உடனே காயில் வாங்க ஆள் அனுப்ப மாட்டார். முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். கோடு பி 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி; அப்படியே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேடல் தொடரும். டப்பா வந்த பிறகு பார்ட்ஸ் மாற்றுவது அதிகமானதற்குக் காரணம் டப்பா அல்ல, திரையில் படித்ததைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் அவசரம்.

அன்று ஒயரைச் சீவி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, டேப் சுற்றி, பிறகுதான் கோட்டை அழித்தார். விளக்கு அணைந்தது. வாங்கிய கூலி சென்சார் விலையில் ஒரு சிறு பங்கு. டப்பாவை மறக்காமல் உருவிக்கொண்டார்: பதினாறாவது பின்னில் பேட்டரிக் கரண்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும், அப்படியே விட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும்.

2020-இல் பிஎஸ்-6 வந்ததும் பைக்குகளும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. அவற்றின் சாக்கெட் வேறு. இடையில் ஓர் அடாப்டர் ஒயர் போட்டுக்கொள்கிறார்கள். பெரிய கேள்வி மின்சாரக் கார். பதினாறு பின் சாக்கெட்டைக் கொண்டுவந்தது புகைச் சட்டம். புகையே விடாத வண்டியை அந்தச் சட்டம் எப்படிக் கட்டும்? பல மின்சாரக் கார்களில் சாக்கெட் இருக்கும், ஆனால் உள்ளே கம்பெனியின் சொந்த மொழி. ஓட்டையை முதலில் கவனித்தது மறுபடியும் கலிபோர்னியா வாரியம்தான். 2026 மாடலிலிருந்து மின்சார வண்டிகளும் பேட்டரி நிலை உள்ளிட்ட விவரங்களைப் பொதுவான முறையில் தர வேண்டும் என்று 2022-இல் விதி செய்தது.

முடங்கியாறு ரோட்டில் மின்சாரக் கார்கள் தென்பட ஆரம்பித்துவிட்டன. அவற்றில் நீல டப்பாவைச் செருகியதுண்டா என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். “ஒண்ணுல செருகிப் பாத்தேண்ணே. லைட்டு மட்டும் மினுக்குச்சு. கம்பெனிக்கே கொண்டு போங்கன்னு அனுப்பிட்டேன்” என்றார்.