அறுவர் கால்பந்து

அறுவர் கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்தின் ஆள் குறைந்த வடிவம். அணிக்கு 11 பேருக்குப் பதிலாக 6 பேர் ஆடுவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மாணவர் குறைந்த சிற்றூர் உயர்நிலைப் பள்ளிகளுக்காக 1934-இல் இது உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கால்பந்து என்று அறியப்படும் ஆட்டம் வேறு. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் சேர்க்கும் முரட்டு ஆட்டம்.

தோற்றம்

1930-களில் அமெரிக்கச் சமவெளி மாநிலங்களைப் பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் ஒரே வேளையில் தாக்கின. பயிர் கருகியது, விளைந்த கொஞ்சத்துக்கும் விலை இல்லை. உள்ளூர்ச் சொத்துவரியை நம்பி நடந்த பள்ளிகளுக்குத் தலைக்கவசமும் தோள்காப்பும் வாங்குவதே பெருஞ்செலவாயிற்று. பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு ஆட்கள்தான். களத்தில் இறங்க 11 பேர், பயிற்சியில் எதிரே நிற்க இன்னொரு 11 பேர், அடிபட்டால் மாற்றாட்கள் என்று எண்ணிப் பார்த்தால், மொத்தமே இருபது பையன்கள் படிக்கும் பள்ளியில் கணக்கு உதைக்கும். இத்தகைய பள்ளிகள் ஆட்டத்தைக் கைவிட்டன, அல்லது தொடங்கவே இல்லை.

செஸ்டர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்த ஸ்டீபன் எப்ளர், ஆட்களைத் தேடுவதை விட்டு ஆட்டத்தையே சுருக்கினார். 1934 செப்டம்பரில் ஹெப்ரான் ஊரின் கல்லூரி மைதானத்தில், இரவு விளக்கொளியில் முதல் போட்டி நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டு பார்த்தனர். ஹார்டி, செஸ்டர் பள்ளிகள் ஓர் அணி. பெல்விடேர், அலெக்சாண்ட்ரியா பள்ளிகள் மற்றோர் அணி. ஆறு பேர் போதும் என்ற ஆட்டத்துக்கும் முதல் நாளில் இரண்டிரண்டு பள்ளிகள் கூட வேண்டியிருந்தது என்பது அன்றைய நிலையை நன்கு காட்டுகிறது. போட்டி 19-19 என்று சமநிலையில் முடிந்தது.

விதிகள்

களம் 100 கெஜத்திலிருந்து 80 கெஜமாகவும், அகலம் 40 கெஜமாகவும் குறைந்தது. வழக்கமான ஆட்டத்தில் முன்வரிசையினர் பெரும்பாலும் மோதித் தடுப்பவர்கள். எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அறுவர் ஆட்டத்தில் ஆறு பேருக்குமே அந்த உரிமை உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தைப் பெறுபவர், அதை வேறொருவருக்குக் கைமாற்றாமல் தானே கோட்டைத் தாண்டி ஓட முடியாது. ஆகவே உடல்வலி மிக்க ஒரே பையனை நம்பி ஓர் அணி காலம் தள்ள முடியாது. ஆள் குறைவால் இடைவெளி மிகுந்து புள்ளிகள் குவியும். ஓர் அணி 45 புள்ளிகள் முந்திவிட்டால், பாதி ஆட்டம் முடிந்திருக்கும் நிலையில் போட்டி அத்துடன் நிறுத்தப்படும். தோற்பவர் மீது காட்டும் இரக்கம் என்று இதைச் சொல்வதுண்டு. மாற்றாள் இல்லாத அணிக்கு இது பாதுகாப்பும்கூட. தடுப்பாளர் குறைவான நிலையில் உதைப்பது கடினம் என்பதால், களத்திலிருந்து உதைத்து அடிக்கும் கோலுக்கு 3-க்குப் பதிலாக 4 புள்ளிகள்.

பரவலும் தேய்வும்

1938-இல் எப்ளர் பயிற்சியாளர்களுக்கான கையேட்டை வெளியிட்டார். அதே ஆண்டு ஆட்டம் டெக்சாஸை எட்டியது. பின்னாளில் தொழில்முறை வீரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் புகழ்பெற்ற ஜாக் பார்டி, டெக்சாஸின் கிறிஸ்டோவல் என்ற சிற்றூரில் அறுவர் ஆட்டம் ஆடியவர்.

ஆனால் எந்தச் சிறு பள்ளிகளுக்காக ஆட்டம் பிறந்ததோ, அவையே மறையத் தொடங்கின. பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்தன. செலவைக் குறைக்கப் பள்ளிகள் இணைக்கப்பட்டன. அமெரிக்காவில் 1939-40-இல் ஏறத்தாழ 1,17,000 ஆக இருந்த பள்ளி மாவட்டங்கள் 1970-71-இல் சுமார் 18,000 ஆகச் சுருங்கின. இணைந்த பள்ளிகளுக்கு ஆள் கூடியதால் அவற்றில் பல எண்மர் ஆட்டத்துக்கோ பதினொருவர் ஆட்டத்துக்கோ மாறின. மின்னசோட்டா, வட டகோட்டா, தென் டகோட்டா மாநிலங்களில் ஒன்பதின்மர் ஆட்டம் நிலைபெற்றது. பள்ளி போனபின் அணியின் பெயரும் வண்ணமும் போயின. ஊரார் ஒன்றுகூட இருந்த இடமும் பல ஊர்களில் அதோடு போயிற்று. இணைப்புப் பேச்சு எழும்போதெல்லாம் அணி என்னவாகும் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுவது இதனால்தான். பாடத்தைவிட விளையாட்டைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்று இதை நகைப்போர், அஞ்சலகமும் கடைகளும் மூடிய ஊரில் எஞ்சியிருப்பது பள்ளி ஒன்றே என்பதைக் கவனிப்பதில்லை.

இன்றைய நிலை

மேற்கு டெக்சாஸின் பரந்த மேய்ச்சல் நிலங்களில் பக்கத்துப் பள்ளி என்பது பல மைல் தொலைவில் இருப்பது. இணைப்பு எளிதல்லாத அங்கே அறுவர் ஆட்டம் ஊன்றிக்கொண்டது. 1972 முதல் அதற்கு மாநில வாகையர் போட்டி நடக்கிறது. சுமார் 105 மாணவர்களுக்கு உட்பட்ட அரசுப் பள்ளிகள் இவ்வகையில் ஆடலாம். தனியார் பள்ளிகளையும் சேர்த்தால் இருநூறுக்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. பிறந்த மாநிலமான நெப்ராஸ்காவில் சிறு பள்ளிகள் பலவும் இன்று ஆடுவது எண்மர் ஆட்டம்.

எப்ளர் பின்னர் ஒரேகான் மாநிலத்துக்குச் சென்றார். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் படிப்பதற்காக 1946-இல் அங்கே வான்போர்ட்டில் அவர் தொடங்கிய கல்லூரி, 1948 வெள்ளத்தில் இடத்தை இழந்தும் கலைக்கப்படாமல், இன்றைய போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது.