எரிந்த நகரும் எரியாத நகரும்

ஜப்பானின் கான்சாய் வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்கச் செல்வோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. வானளாவிய கட்டடங்கள் நிறைந்த ஒசாகாவில் இரயிலேறினால் அரைமணி நேரத்தில் கியோட்டோ. கி.பி. 794 முதல் ஆயிரமாண்டுக்கு மேல் பேரரசர்களின் தலைநகராய் இருந்த ஊர். மரத்தாலான பழங்கோயில்கள் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் நிற்கின்றன. அண்டையிலுள்ள ஒசாகாவும் கோபேயும் நேற்றுக் கட்டியவை போல் தோன்றுவதேன்? வாணிக நகரங்கள், அதனால் புதுமையைத் தழுவின என்பர். அது பாதி உண்மையே. மறுபாதியை நாம் 1945இல் தேடவேண்டும்.

அவ்வாண்டு மார்ச்சிலும் ஜூனிலும் அமெரிக்க விமானங்கள் அவ்விரு நகரங்களிலும் தீக்குண்டுகளைக் கொட்டின. மரவீடுகள் தெருத்தெருவாகச் சாம்பலாயின. கியோட்டோ சிறு தாக்குதல்களோடு தப்பியது. ஆனால் அதனை விட்டுவைத்தது இரக்கமன்று. அணுகுண்டுக்குரிய நகரங்களின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது! அமெரிக்கப் போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன்தாம் பிடிவாதமாக நின்று அப்பெயரை நீக்கச் செய்தார். 1926இல் அவர் அந்நகரைக் கண்டவர். (தேனிலவுக்கு வந்தார் என்பது வெறுங்கதை, அவருக்கு மணமானது 1893இல்.) பட்டியலில் காலியான இடம் காலியாகவே இருந்துவிடவில்லை. நாகசாகியின் பெயர் அங்கே சேர்ந்தது. கியோட்டோவின் எழிலில் திளைக்கும்போது இது நம் நெஞ்சை உறுத்தாமல் இருக்குமா?

பகைவர் தொடாத பொற்கோயிலை 1950இல் அங்கேயே பயின்ற இளந்துறவி ஒருவர் கொளுத்தினார் என்பதும் வரலாறே. இன்று குளத்து நீரில் நிழலாடுவது 1955இல் மீண்டும் எழுப்பிய கட்டடம்.

கோபேயில் நம் கால்கள் தாமாகவே பள்ளிவாசலை நாடுகின்றன. அந்தத் துறைமுகத்தில் வாணிகம் செய்த இந்திய முஸ்லிம்களும், ரஷ்யாவிலிருந்து புலம்பெயர்ந்த தாத்தாரியரும் பொருளீந்து 1935இல் திறந்த இறையில்லம் அது. போர்க்காலத்தில் 1943இல் கடற்படை அதனைக் கைப்பற்றிக்கொண்டது. 1945இன் நெருப்பில் சுற்றுப்புறம் கரிந்தபோதும் பள்ளி நின்றது. சாளரங்கள் விரிசலுற்றன, சுவர்கள் புகைபடிந்தன, அவ்வளவே. 1995 ஜனவரி 17 அன்று நிலம் நடுங்கி 6,400 பேருக்கு மேல் மாண்டபோதும் நின்றது. அல்லாஹ்வின் நாட்டம் என உள்ளம் நெகிழ்கிறது. இரும்புக்கம்பியிட்டு உறுதியாய்க் கட்டியோரின் நேர்மையையும் எண்ணாதிருக்க முடியவில்லை. வீடிழந்தோர்க்கு அந்நாள்களில் அப்பள்ளியே புகலிடமாயிற்று.

சன்னோமியா நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.