நாவலூரில் தங்கிய இளவரசன்

உளுந்தூர்பேட்டையை அடுத்த திருநாவலூரைச் சுந்தரர் பிறந்த ஊராகத்தான் பலருக்கும் தெரியும். பத்தாம் நூற்றாண்டில் அது சோழ இளவரசன் ஒருவன் ஆட்களை வைத்து வேலை வாங்கப் பழகிய இடமும்கூட. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், வடக்கே இராட்டிரகூடர் படை எப்போது வருமோ என்றிருந்த காலத்தில், தஞ்சையை விட்டு இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் பரிவாரத்தோடு ஆண்டுக்கணக்கில் தங்கினான். இன்று பக்தஜனேசுவரர் கோயில் என்று வழங்கும் திருத்தொண்டீச்சரம் அவன் காலத்தில்தான் கற்றளியானது. பிறப்பு அவனுக்குப் பதவியைக் கொடுத்தது. ஆட்களின் நம்பிக்கையை அவன் இங்கேதான் சம்பாதித்தான் என்பது என் கணிப்பு.

அதற்குச் சான்று கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது. விளக்கெரிக்கக் கொடை தந்தவர்களில் அவனுடைய பரிவாரத்தைச் சேர்ந்தவர்கள் வருகிறார்கள். ஒரு நந்தா விளக்குக்கு அக்காலத்தில் 90 அல்லது 96 ஆடுகள் விடுவது வழக்கம். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாது என்ற கணக்கில் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். முகாமைக் கலைத்துவிட்டு நாளைக்கே கிளம்புகிறவன் இப்படியொரு ஏற்பாட்டில் இறங்கமாட்டான். எசமானின் முகத்துக்காகக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் அருகே பெண்ணையாற்றங்கரையில் ‘கிராமம்’ என்றே பெயருள்ள ஊரில் மலைநாட்டுக்காரனான அவன் படைத்தலைவன் வெள்ளங்குமரன் தானே ஒரு கற்றளி எடுப்பித்தான். கலியுகம் 4044, அதாவது கி.பி. 943 என்று நாள் கணக்கோடு அதைப் பொறித்தும் வைத்தான். வேற்று நாட்டுக்காரன் ஒருவன் பிழைக்க வந்த இடத்தில் கல்லில் காசைப் போடுகிறான் என்றால், வெறும் கூலி மட்டும் அவனைப் பிடித்து வைத்திருக்க முடியாது.

‘தக்கோலத்தில் தோற்றவனிடம் என்ன தலைமை?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 949-இல் அங்கே நடந்த போரில் இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் இராசாதித்தனை யானை மேலேயே கொன்றான். பின்னாளில் ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்றே அவனுக்குப் பெயர். அவன் விழுந்ததும் சோழர் தோற்றார்கள். தொண்டை மண்டலம் இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் கைக்குப் போயிற்று. படை முழுவதும் ஒரே அம்பாரியைப் பார்த்து நின்றது, தனக்குப் பின் நடத்த ஆள் ஆயத்தமாக இல்லை என்பதை அவன் குறையாகத்தான் எழுத வேண்டும். ஆளைச் சேர்த்துக்கொள்ளும் திறமை ஒன்று; தான் இல்லாதபோதும் வேலை நடக்கச் செய்யும் திறமை வேறு. நாவலூரில் அவனுக்கு முதலாவது கைவந்தது. இரண்டாவது வந்ததற்குத் தடயம் இல்லை.

முதலாவது எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பதற்குத் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்று போதும். அதில் வரும் சதுரானன பண்டிதர் கேரளத்திலிருந்து வந்து இராசாதித்தனிடம் படைத்தலைவராக இருந்தவர். வெள்ளங்குமரனே இவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தலைவனோடு களத்தில் சாகாமல் போனோமே என்று வெட்கி, கங்கையாடி, துறவு பூண்டு ஒற்றியூர் மடத்தின் தலைமையை ஏற்றார் என்கிறது அந்தக் கல். அது வெட்டப்பட்டது கன்னரதேவனின் ஆட்சியாண்டில், வென்றவனின் பெயருக்குக் கீழே.