ஏடு முதல் சொற்செயலி வரை: கண்டாவளையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு மொழியின் வரலாற்றை ஆராய்வோர் அம்மொழியில் எழுந்த நூல்களையும் அவற்றின் பொருளையும் நோக்குவது வழக்கம். அந்நூல்கள் எக்கருவி கொண்டு எழுதப்பட்டன, எவ்வாறு திருத்தப்பட்டன என்பன பற்றிய ஆய்வு அருகியே காணப்படுகின்றது. எழுதுகருவி மாறும்போது திருத்துவோரின் கடமையும் மாறுகின்றது. இது கணினியின் சொற்செயலிக்கும் பொருந்தும். எழுதுதல், அழித்தல், இடையிற் புகுத்துதல், ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குப் பெயர்த்தல், தேடுதல் ஆகியன சொற்செயலியின் அடிப்படைத் திறன்கள். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இவை பெரும்பாலும் கைப்பழக்கத்தால் வருவன. தமிழிலோ, திரையில் தோன்றும் எழுத்துக்கு அடியில் கணினி எதனைச் சேமிக்கின்றது என்ற அறிவும் அவற்றுக்கு இன்றியமையாததாகின்றது. அதன் காரணத்தை வரலாற்று வழியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்துக்குரிய களமாகக் கண்டாவளை இங்கு கொள்ளப்படுகின்றது. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி ஆகியவற்றோடு கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாக அமைவது அது. பரந்தன், முரசுமோட்டை, தருமபுரம் முதலிய ஊர்கள் அதனுள் அடங்கும். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இவ்விடத்தைச் சொற்செயலி பற்றிய ஆய்வில் முன்னிறுத்துவதற்கு இரு காரணங்கள் உள. அது தமிழில் நிருவாகம் நடைபெறும் பிரதேசம் என்பதும், 2009ஆம் ஆண்டின் போரில் மக்கள் பலர் தம் ஆவணங்களை இழந்த பிரதேசம் என்பதும் முதலாவது காரணம். கண்டாவளை என்ற பெயரே தமிழெழுத்தின் சிக்கல்கள் பலவற்றைத் தன்னுள் அடக்கியிருத்தல் இரண்டாவது.

ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஆகாரத்தைக் குறிக்கும் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இருக்கவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. இவற்றை வேறுபடுத்தும் குறிகள் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் நிலைபெற்றன என்பர். ஆகவே ஓலையில் ஒருவர் கண்டாவளை என எழுதியிருப்பின் ணகரத்தின் மேற் புள்ளி இராது. கால் ரகரமாகவும் படிக்கப்பட இடமுண்டு. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 19ஆம் நூற்றாண்டில் ஏடுகளை அச்சுக்குக் கொணர்ந்தபோது இத்தகைய எழுத்துகளையே எதிர்கொண்டனர். இலக்கணமும் யாப்பும் சொல் வழக்கும் துணைநிற்க, எழுதியவர் கருதிய எழுத்து எது எனத் துணிவதே அவர்தம் பதிப்புப் பணியின் அடிப்படையாயிற்று. கண்ணுக்குத் தோன்றும் வடிவம் ஒன்று, கருதப்பட்ட எழுத்து மற்றொன்று என்னும் நிலை தமிழுக்குப் புதியதன்று.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்போர் வேண்டிய அச்செழுத்துகளைத் தனித்தனியே வார்த்து வைத்துக்கொள்ள முடிந்தது. தட்டச்சுப்பொறியில் அதற்கு இடமில்லை. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்குதல் வேண்டும். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா இச்சிக்கலைத் தீர்த்துத் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். உயிர்மெய் எழுத்துகளை உறுப்புகளாகப் பகுத்து, பல எழுத்துகளுக்குப் பொதுவான குறிகளைத் தனி விசைகளில் அமைத்தல் அவர் கண்ட வழி. புள்ளி போன்ற குறிகளுக்குரிய விசையை அழுத்தும்போது தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அக்குறியோடு ஒன்றிப் பதியும். ஐகாரக் கொம்பு தாளில் இடப்பக்கம் நிற்பதால் அதனை முதலிலும் மெய்யைப் பின்னரும் அடித்தல் வேண்டும். இம்முறையில் எழுத்து என்பது ஒலியின் வரிசையன்று, வடிவங்களின் வரிசையாகும். தாளில் பதிந்த உருவைக் கண் படிப்பதோடு பொறியின் பணி நிறைவுற்றமையால் இதனால் இடர் எதுவும் விளையவில்லை.

மேலைநாட்டில் 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடாவில் எழுத்தைச் சேமிக்கும் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது. எழுதியதை மீண்டும் அடிக்காமலே திருத்தும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. 1970களில் செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வுக்கூடத்தில் லறி ரெஸ்லரும் ரிம் மொற்றும் வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் செயல்களைத் திரைக்குரியனவாக்கினர். பத்திரிகை அலுவலகங்களில் கத்தரிக்கோலும் பசையும் செய்த வேலையே இவ்வாறு கணினியுட் புகுந்தது. 1980களில் கனடாவிலிருந்து கு. சீனிவாசனின் ஆதமியும் மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசும் கணினியில் தமிழெழுத வழிசெய்தன.

ஈழத்திலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவின் அமைப்பு ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது. அது தட்டச்சுப்பொறியின் மரபைத் தழுவியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துக் கணினியின் கண்ணைக் கட்டும் உபாயம் அது. திரையில் கண்டாவளை எனத் தோன்றும் சொல்லைக் கணினி எவ், இசட், அரைப்புள்ளி, எல், எச், ரி, ஐ, எஸ் என்றே நினைவிற் கொள்கின்றது. எழுத்துருவை மாற்றினாற் பெயர் மறைந்து இப்பொருளற்ற தொடரே எஞ்சும். 1554இல் லிஸ்பனில் அச்சான சமய வினாவிடை நூல் தமிழ்மொழியை உரோம எழுத்திற் காட்டிற்று. பாமினியிலோ புறத்தே தமிழும் அகத்தே உரோம எழுத்தும் அமைந்தன.

இதனாற் சொற்செயலியின் அடிப்படைத் திறன்கள் ஒவ்வொன்றும் பாதிக்கப்பட்டன. ளை என்ற எழுத்தைப் பின்னோக்கி அழித்தால் ளகரம் நீங்கிக் கொம்பு தனித்து நிற்கும். ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பேரெழுத்தாக்கும் வசதியை நிறுத்தாவிடின், சிற்றெழுத்து எவ்வுக்குரிய ககரம் பேரெழுத்து எவ்வுக்குரிய குகரமாகிவிடும். வாக்கியத் தொடக்கத்துக் கண்டாவளை இவ்வாறு குண்டாவளை ஆகும். எழுத்துப் பிழை காட்டும் செயலி ஒவ்வொரு சொல்லுக்கும் சிவப்புக் கோடிடும். ஆயினும் பாமினியைக் குறைகூறுவது பொருந்தாது. கணினி தமிழை அறியாத காலத்தில் கடிதமும் சஞ்சிகையும் நூலும் அதன் துணையாலேயே வெளிவந்தன.

1991இல் வெளியான ஒருங்குறித் தரத்தில் தமிழுக்கு 128 இடங்களைக் கொண்ட தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் இயங்குதளம் ஒருங்குறித் தமிழை ஏற்றது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் கணினித் தமிழுக்கென வகுக்கப்பட்டது. ஒருங்குறியில் கண்டாவளை என்ற ஐந்தெழுத்துச் சொல் ககரம், ணகரம், புள்ளி, டகரம், கால், வகரம், ளகரம், ஐகாரக் கொம்பு என எட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படுகின்றது. கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் நின்றபோதும் நினைவில் அது ளகரத்தின் பின்னரே வரும். ஈண்டு எழுத்து வடிவ வரிசையினின்று நீங்கி ஒலி வரிசைக்கு மீள்கின்றது. இது ஏட்டிலிருந்து அச்சுக்குச் சென்றமைக்கு ஒப்பான ஒரு மாற்றமாகும்.

கருவி மாறியும் பழைய கைப்பழக்கம் எளிதில் மாறவில்லை. தட்டச்சுப்பொறியில் ஔகாரம் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்துப் பெறப்பட்டது. அப்பழக்கத்தாற் கணினியிலும் ஔவை என்ற பெயரை ஒகரமும் ளகரமும் கொண்டு எழுதுவோர் பலர். கண் இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. தேடும் கணினி வேறுபடுத்தும். கிளிநொச்சி என்பதன் நொகரத்து உயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் சேமிக்கலாம். இவை சமமானவை என ஒருங்குறித் தரம் விதித்தபோதும் எல்லாச் செயலிகளும் அவ்விதியைக் கைக்கொள்வதில்லை. தருமபுரம், தர்மபுரம் என ஓர் ஊரின் பெயர் இருவகையாக எழுதப்படுவதும் இதனோடு சேரும். ஏட்டுச் சுவடியின் பாடபேதம் இவ்வாறு மின்னாவணத்தில் மறுபிறப்பு எடுத்துள்ளது.

இது மொழியறிஞர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை வகுத்தது. அவ்வுரிமை நடைமுறையில் ஓர் அலுவலகத்தின் மேசையில் எழுதப்படும் கடிதமாகவும் பட்டியலாகவுமே உருப்பெறுகின்றது. 2009 சனவரியிற் கிளிநொச்சி நகர் வீழ்ந்தபின் பரந்தன்–முல்லைத்தீவு வீதிவழியே தருமபுரத்தையும் விசுவமடுவையும் கடந்து மக்கள் கிழக்கே பெயர்ந்தனர். பிறப்புச் சான்றிதழும் காணி அனுமதிப்பத்திரமும் வழியிற் கைநழுவின. முகாம்களிலிருந்து மீண்டோரின் பெயர்கள் மீளவும் எழுதப்பட வேண்டியிருந்தன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இறப்புகளைப் பதிவதற்குத் தற்காலிக ஏற்பாடுகளைச் செய்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தாற் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாயிற்று. இவை யாவற்றிலும் அடிப்படையானது ஒரு பெயரைப் பட்டியலில் தேடுதல் என்ற செயலேயாகும். ஒரு தாய் தேடும் பெயர் பட்டியலில் இருந்தும், குறி வேறாக எழுதப்பட்டமையால் அகப்படாது போகுமாயின், அப்பெயர் எழுதப்படாமைக்கு ஒப்பானதே.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உள்ளன. ஆயின் அவற்றின் விளைவை அப்படியே ஏற்றல் தகாது. பாமினிக் கோப்பொன்றில் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் இடம்பெற்றிருப்பின், அதன் ஈற்றில் வரும் ஆங்கில எழுத்தான வி மாற்றத்தின்போது ஏகாரமாகிவிடலாம். ஏனெனிற் பாமினியில் அவ்விடம் ஏகாரத்துக்குரியது. இவ்விடத்துத் தேவைப்படுவது பதிப்பாசிரியரின் கண்ணாகும். மூலக் கோப்பைப் பேணுதல், மாற்றியதை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்புநோக்குதல், ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் ஒரே முறையில் எழுதுதல், வேறுபட்ட வடிவங்களையும் குறித்துவைத்தல் என்பன தாமோதரம்பிள்ளை காலத்துப் பதிப்பு நெறிகளோடு பெரிதும் ஒத்தனவே.

தொகுத்து நோக்குமிடத்து, சொற்செயலியிற் பயிற்சி பெறுதல் என்பது விசைகளைப் பழகுதலோடு முடிந்துவிடுவதன்று. ஏடு, அச்சு, தட்டச்சு, பாமினி என ஒவ்வொரு கருவியும் தன் பழக்கத்தை அடுத்ததற்கு விட்டுச் சென்றுள்ளது. அப்பழக்கங்களுள் எது இன்றைய குறிமுறையோடு பொருந்தும், எது பொருந்தாது என அறிந்து எழுதுதலே தமிழிற் சொற்செயலித் திறனாகும். பாடசாலையிற் கணினி கற்பிப்போரும் அலுவலகங்களிற் பட்டியல் எழுதுவோரும் இவ்வரலாற்றை ஒருமுறையேனும் அறிதல் வேண்டும். கண்டாவளை போன்ற பிரதேசங்களில், இழந்த ஆவணத்துக்கு ஈடாக எழுதப்பட்ட ஒரு வரி அதனை நாடுவோர்க்கு மீண்டும் கிடைப்பது இவ்வறிவிலேயே பெரிதும் தங்கியுள்ளது.